உறுமுகிறது, ஓடவில்லை: சம்ப் மோட்டார் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: சம்ப் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. சிலருக்கு அது கீழ்த்தளத்தில் ஊறிச் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் மோட்டார். சிலருக்கு நிலத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். வேலை வேறு என்றாலும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கான காரணங்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கீழ்த்தளத்துச் சம்பில் தண்ணீர் விளிம்பு வரை வந்து நிற்கிறது. சுவிட்சைப் போட்டால் மோட்டாரில் எந்தச் சத்தமும் இல்லை. வந்து பார்த்த எல்லோரும் "காயில் போயிடுச்சு, புது மோட்டார் வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றுதான் காயில். நான் காயில் கட்டப் பழகியது என் அப்பாவின் பட்டறையில். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "சுவிட்ச் போட்டா என்ன சத்தம் வருது?" என்றுதான். சத்தமே இல்லை என்று பதில் வந்தால் ஸ்பேனரையே எடுக்க மாட்டார். "வீட்டுக்குப் போய் கரன்ட் வருதான்னு பாருங்க" என்று திருப்பி அனுப்புவார். போனவர்களில் பலர் மோட்டாரோடு திரும்பி வரவே இல்லை. காயில் அறுந்தும் மோட்டார் மௌனமாகலாம், ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையில் தண்ணீர் நிற்கிறதென்றால் அதில் இறங்கி நின்றுகொண்டு பிளக்கையோ சுவிட்சையோ தொடாதீர்கள். காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் எலக்ட்ரீஷியன் வரட்டும். தண்ணீர் ஒரு அடி கூடினால் கூடட்டும்.

தரை காய்ந்திருந்தால், மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே பாயின்டில் ஒரு டேபிள் லேம்பைச் செருகிப் பாருங்கள். டெஸ்டர் எரிகிறது, அதனால் கரன்ட் இருக்கிறது என்று நிறையப் பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். டெஸ்டர் ஃபேஸை மட்டும்தான் காட்டும். நியூட்ரல் ஒயர் எங்கோ அறுந்திருந்தாலும் அது பளிச்சென்று எரியும், மோட்டார் மட்டும் அசையாது. லேம்ப் எரிந்தால்தான் இரண்டு ஒயரும் சரி.

லேம்ப் எரியவில்லை என்றால் எம்.சி.பி.யைப் பாருங்கள், கரன்ட் அளவுக்கு மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச் அது. ட்ரிப் ஆன எம்.சி.பி.யின் நெம்பு சில சமயம் நடுவில் நின்றுவிடும், மேலே இருப்பது போலவே தெரியும். முழுதாகக் கீழே தள்ளிவிட்டுப் பிறகு மேலே தூக்குங்கள். மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன். ஸ்டார்டர் வைத்த மோட்டார் என்றால் அதற்குள், சுமை கூடினால் கரன்டை அறுத்துவிடும் ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கலாம். சில நிமிடம் ஆறவிட்டு ரீசெட் பட்டனை அழுத்தினால் எழுந்துவிடும்.

லேம்ப் எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லையா? ஃப்ளோட்டைப் பாருங்கள். தண்ணீர் ஏறினால் மிதந்து எழுந்து சுவிட்சைப் போட வேண்டிய அந்தக் குமிழ், சம்பின் சுவரில் ஒட்டிக்கொண்டோ, குழாய்க்கும் மோட்டார் ஒயருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டோ கிடக்கும். மோட்டார் ஓடும்போது அதிரும். அந்த அதிர்விலேயே நாளாவட்டத்தில் இடம் நகர்ந்து சுவரோடு போய்ச் சாய்ந்துவிடும். அப்புறம் ஃப்ளோட்டுக்கு எழுந்திருக்க இடம் ஏது? கரன்டை அணைத்துவிட்டு, ஒரு காய்ந்த மரக்குச்சியால் ஃப்ளோட்டை விடுவித்துத் தூக்கிப் பிடியுங்கள். இன்னொருவர் சுவிட்சைப் போடட்டும். ஓடினால் விஷயம் முடிந்தது.

சில மோட்டார்களில் ஃப்ளோட்டின் பிளக் முதுகில் மோட்டாரின் பிளக் செருகியிருக்கும். இரண்டையும் பிரித்து, மோட்டாரை மட்டும் நேரே பாயின்டில் செருகுங்கள். ஓடினால் கெட்டது ஃப்ளோட் மட்டும்தான். அப்படி நேரடியாக ஓட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் வற்றியதும் நிறுத்த ஃப்ளோட் இல்லை, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களில் பெரும்பாலும் கீழே ஒரு ஃப்ளோட், மேலே ஒரு ஃப்ளோட் இருக்கும். இரண்டும் சம்மதித்தால்தான் மோட்டார் எழும். மேல் தொட்டி நிறைந்திருந்தால் அது எழாததுதான் முறை. இதைக் கவனிக்காமல் மோட்டாரைக் கழற்றி எடுத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ளோட்டுக்குப் பதில் சென்சார் கம்பி வைத்த கன்ட்ரோலர் என்றால், கம்பியில் உப்புப் படிந்து தண்ணீர் இல்லை என்று தப்பாகக் காட்டும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டுக் கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மௌனம் என்றால் மோட்டார் உடம்பு சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய மோட்டார்களின் காயிலுக்குள்ளே சூட்டில் தானே அறுத்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அரை மணி நேரமோ, அதற்கும் கொஞ்சம் மேலோ ஆறவிட்டால் தானாகவே சேர்ந்துவிடும். ஆனால் ஏன் சூடானது என்று கண்டுபிடிக்காவிட்டால் அது மறுபடியும் சூடாகத்தான் செய்யும்.

கேள்வி: சுவிட்சைப் போட்டதும் மோட்டார் "உம்ம்ம்" என்று உறுமுகிறது, ஓட மாட்டேன் என்கிறது. நாலைந்து தடவை போட்டு அணைத்தால் எப்போதாவது ஓடிவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. நீங்கள் போட்டு அணைக்கும் ஒவ்வொரு தடவையும் காயில் வேகிறது. சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போல 5, 6 மடங்கு கரன்டை இழுக்கும். ஓடுவதற்கு 6 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், உறுமிக்கொண்டு நிற்கும்போது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உறுமல் கேட்டால் ஒன்றிரண்டு வினாடியில் அணைத்துவிட வேண்டும். பட்டறைக்கு வரும் கருகிய காயில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சின்னப் பழுதோடு உறுமிய மோட்டாரை யாரோ "போட்டுப் பார், போட்டுப் பார்" என்று சாகடித்திருப்பார்கள்.

வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரன்டுக்கு ஒரு குறை உண்டு. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரை அதனால் தனியாகச் சுழற்றிவிட முடியாது. அதன் காந்த விசை முன்னும் பின்னுமாக ஆடும், சுற்றாது. அதனால்தான் மோட்டாருக்குள் ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என்று இரண்டு வைக்கிறோம். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் கரன்டைக் கெபாசிட்டர் கொஞ்சம் முந்தவைக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு தள்ளு கிடைப்பதால் மோட்டார் ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்குகிறது. நீங்கள் கண்டன்சர் என்று சொல்வதும் இந்தக் கெபாசிட்டரைத்தான். அது போய்விட்டால் முதல் தள்ளு இல்லை, வெறும் உறுமல்தான்.

உங்கள் மோட்டார் சில நேரம் ஓடுகிறது என்கிறீர்களே, அது கெபாசிட்டர் பலவீனமாகி வருவதன் அடையாளமாக இருக்கலாம். உறுமலுக்கு வேறு காரணங்களும் உண்டு: தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் நடு அச்சான ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றுகிறது, வோல்டேஜும் சரி என்றால் அடுத்தது கெபாசிட்டர்.

அதைத் தொடுவதற்கு முன்: கரன்டை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் ஒயர் வழியாகச் சில வினாடி சேர்த்துவைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்க இறக்குவதை நிறையப் பேர் வீரமாக நினைக்கிறார்கள். என் பட்டறையில் அதற்கு அனுமதி இல்லை. பொறி கண்ணில் படும், கெபாசிட்டரின் முனையும் வெந்துபோகும்.

பிறகு உடம்பைப் பாருங்கள். உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பார்க்க நன்றாக இருந்தாலும் கெட்டிருக்கலாம், அதனால் மைக்ரோஃபாரட் காட்டும் மீட்டரில் அளப்பதே நல்லது. 25 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருப்பது 18 காட்டினால் அது முடிந்தது. புதிதாக வாங்குவதில் மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்டேஜ் எண் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. "கொஞ்சம் பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டார்ட் நன்றாக ஆகும், பிறகு ஸ்டார்ட்டிங் காயில் சூடாகி வேகும்.

தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் வைத்திருப்பவர்கள், உறுமல் கேட்டதும் மோட்டாரை மேலே இழுக்கப் பறக்க வேண்டாம். பெரும்பாலும் கெபாசிட்டர் மேலே பேனல் பெட்டியில்தான் இருக்கும். அதை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கயிற்றைத் தொடுங்கள். சின்ன இறைப்பு மோட்டார்கள் சிலவற்றில் மட்டும் அது தலைப்பகுதிக்கு உள்ளேயே அடங்கியிருக்கும்.

கெபாசிட்டர் புதிது, ஷாஃப்டும் இலகு, அப்படியும் உறுமினால் காயிலை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வரும். பொது ஒயருக்கும் ரன்னிங்குக்கும் ஒரு ஓம் அளவு, பொது ஒயருக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் ஓர் அளவு. இந்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் நடுவில் காட்ட வேண்டும். கணக்கு உதைத்தால் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோக வேண்டிய வேளை வந்துவிட்டது.

கேள்வி: மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து போட்டால் மோட்டார் உறுமுகிறது. போகும்போது நன்றாக ஓடியதுதான்.

பதில்: நன்றாக ஓடிய மோட்டார் சும்மா கிடந்துவிட்டு உறுமினால் நான் முதலில் நினைப்பது துருவைத்தான். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் இரும்பு உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகச் சின்னது. பாதித் தண்ணீரோடு நாள்கணக்கில் நின்றால் அந்த இடைவெளியில் துருவும் உப்பும் ஏறி இரண்டையும் ஒட்டவைத்துவிடும்.

பிளக்கைக் கழற்றுங்கள். வெளியே இருக்கும் மோனோபிளாக் மோட்டார் என்றால் பின்பக்க விசிறி மூடியைக் கழற்றினால் ஷாஃப்டின் முனை தெரியும். சிலவற்றில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்ப ஒரு வெட்டு இருக்கும். இருபுறமும் மெதுவாக அசைத்து அசைத்து விடுங்கள். பிளாஸ்டிக் விசிறியைப் பிடித்து முறுக்காதீர்கள், இதழ் உடைந்துவிடும். முழுச் சுற்று இலகுவாக வந்த பிறகு, உறையில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போடுங்கள். வறண்டு ஓடினால் மெக்கானிக்கல் சீல் கருகிவிடும். அப்புறம் தண்ணீர் ஒழுகி பேரிங்குக்குப் போகும்.

மூழ்கும் மோட்டார் என்றால் மேலே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அடியில் உள்ள சல்லடையைக் கழற்றினால் காரணம் கையிலேயே வரும்: கல், நூல், துணிக்கந்தல், முடி. கயிற்றையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்குங்கள். மின்சார ஒயரைப் பிடித்துத் தூக்கியவர்களுக்கு அடுத்த பழுது ஒயர் நுழையும் இடத்தில் வரும், அது வேறு வகைப் பழுது, ஆபத்தானதும்கூட. உள்ளே தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் திரும்ப இறக்குவதற்கு முன் அதில் சுத்தமான தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: காலையில் ஒரே தட்டில் எழுகிறது. மாலையில் உறுமுகிறது. கெபாசிட்டரை மாற்றியாயிற்று.

பதில்: மாலையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் குறைவது ஐந்தில் ஒரு பங்குதான் என்று தோன்றும். ஆனால் இழுவிசையில் 61 சதவீதம்தான் மிஞ்சும். அதைக் கொண்டு நின்ற நிலையிலிருந்து எழுவது சிரமம். அளவை மோட்டாரின் முனையில், அதைப் போட்ட அந்தக் கணத்தில் எடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 220 காட்டிய பாயின்ட், மோட்டார் போட்டதும் 170க்கு விழுந்தால் ஒயர் மெலிது அல்லது எங்கோ முனை லூஸ். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மோட்டாரை ஓட்டுபவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஃப்ளோட்டை நானே புதிதாக மாற்றினேன். இப்போது சம்ப் நிறைந்தால் மோட்டார் ஓடவில்லை, காலியானதும் ஓடுகிறது!

பதில்: பயப்படாதீர்கள், ஒயர் மாறிவிட்டது. ஃப்ளோட்டில் மூன்று ஒயர் இருந்தால் ஒன்று பொது, ஒன்று மேலே எழும்போது சேரும், மற்றொன்று கீழே தொங்கும்போது சேரும். மேல் தொட்டியை நிரப்பத் தேவைப்படும் ஒயரை இறைக்கும் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்ப வேண்டாம். மீட்டரைத் தொடர்பு பார்க்கும் இடத்தில் வைத்து, ஃப்ளோட்டைத் தூக்கியும் தொங்கவிட்டும் பாருங்கள். தூக்கும்போது சேரும் ஒயர்தான் உங்களுக்கு வேண்டும். உடனே மாற்றுங்கள், காலிச் சம்பில் ஓடும் மோட்டார் ரொம்ப நேரம் தாங்காது.

கேள்வி: போட்ட நொடியே ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. அதை விட்டுவிட்டு நேரடியாகக் கொடுத்தால் மோட்டார் நன்றாக ஓடுகிறது. அப்படியே இருக்கட்டுமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இதழ் வரும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. அனுப்பிய வாசகிக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன், இங்கே மற்றவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். வேண்டவே வேண்டாம். அந்த நேரடி இணைப்பை இப்போதே கழற்றுங்கள்.

போன கரன்டும் திரும்பி வந்த கரன்டும் சமமாக இல்லை, நடுவில் எங்கோ கசிகிறது என்பதுதான் ஆர்.சி.சி.பி. சொல்வது. வீட்டில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில் விழுவது. 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு மனித உடம்பு வழியாகப் போனால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அளவு. சம்புக்குள் கசிந்தால் அது தண்ணீரில், குழாயில், ஈரத் தரையில் இறங்கும். மோட்டார் நன்றாகத்தான் ஓடும். குழாயைத் தொடுபவர்தான் விழுவார்.

கசிவு பெரும்பாலும் தண்ணீருக்குள் போட்ட ஒயர் ஜாயின்டில் இருக்கும். டேப் சுற்றிய ஜாயின்ட் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் தண்ணீர் குடித்துவிடும். ஜாயின்ட் நன்றாக இருந்தால் சீல் போய் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எலக்ட்ரீஷியனை, கசிவைத் தடுக்கும் காப்பை அளக்கும் மீட்டரான மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவில் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரைத் திரும்பத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

ஆர்.சி.சி.பி. இல்லாமல் எம்.சி.பி. மட்டும் விழுகிறது என்று எழுதியவருக்கு: போட்ட அதே நொடியில் விழுந்தால் ஒயரிலோ காயிலிலோ ஷார்ட், சில வினாடி உறுமிவிட்டு விழுந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கிறது. விழும் நேரத்தைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: ஃப்ளோட் சிக்கியிருப்பது மேலிருந்து தெரிகிறது, கை எட்டவில்லை. என் மகனுக்கு 16 வயது, ஒல்லியாக இருப்பான். அவனை இறக்கி எடுக்கச் சொல்லலாமா?

பதில்: அம்மா, அவனை இறக்காதீர்கள்.

எங்கள் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஒரு கட்டடத்துக்கு மோட்டார் எடுக்கப் போனான். மூடியே கிடந்த சம்ப். "சுத்தமான இடம்தான், இறங்கு" என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஏணியில் பாதி இறங்கியதும் கால் தளர்ந்து விழுந்துவிட்டான். அவனைத் தூக்க இன்னொருவர் இறங்கப் போனார், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தடுத்துவிட்டார். தீயணைப்புப் படையினர் காற்றுக் குப்பியோடு வந்து பையனைத் தூக்கினார்கள். பிழைத்தான். அந்தப் பெரியவர் தடுக்கவில்லை என்றால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருந்திருக்கும்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். மூடிய சம்பில் இரும்பு துருப்பிடிப்பதும் இலைதழை அழுகுவதும் அதைத் தின்றுவிடும். அது குறைந்திருப்பது மூக்குக்குத் தெரியாது. கழிவுநீர் கலந்த சம்ப் என்றால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவும் இருக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாமல் போய்விடும். அதனால் நாற்றம் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கரன்டும் அங்கேதான் இருக்கிறது.

கரன்டை அணைத்துவிட்டு, நீளமான மரக்கொம்பின் நுனியில் வளைந்த கொக்கி கட்டி மேலே நின்றபடியே ஃப்ளோட்டை இழுத்துவிடுங்கள். வரவில்லை என்றால் மோட்டாரையே கயிற்றால் மேலே எடுங்கள். சம்பை உடனே காலி செய்ய வேண்டும் என்று இன்ஜின் மோட்டாரைக் கீழ்த்தளத்துக்குள் வைத்து ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து, அதன் புகை மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். இன்ஜின் வெளியே, திறந்த இடத்தில் இருக்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

கேள்வி: மழைக்காலம் வருவதற்குள் மோட்டார் எழுமா என்று முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது?

பதில்: சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் போதாது, ஃப்ளோட் தானே எழுந்து போட வேண்டும். சம்பில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எந்த மட்டத்தில் எழுகிறது, எந்த மட்டத்தில் நிற்கிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு ஒரு நிமிடம் அங்கேயே இருந்து கேளுங்கள். குழாயிலிருந்த தண்ணீர் "கள கள" என்று சம்புக்கே திரும்பி வந்தால், தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்க வேண்டிய என்.ஆர்.வி. வால்வு பிடிக்கவில்லை. வந்த தண்ணீரையே மோட்டார் திரும்பத் திரும்ப ஏற்றி, அடிக்கடி எழுந்து அடிக்கடி நிற்கும். கெபாசிட்டரும் ஃப்ளோட்டும் சீக்கிரம் போவது அந்த வீடுகளில்தான். வால்வை மாற்றிவிட்டு மறுபடி ஒருமுறை வாளியால் ஊற்றிப் பாருங்கள்.